முருகனுக்கு ஒரு டம்ளர் திராட்சைச் சாறு

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கோயில் மாதர் கூட்டத்தில் வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால்கூட எனக்குக் கை வியர்க்கும். அப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்கட்டும் என்று எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே அதிகப்படியாகத் தெரிகிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதாமலும் இருக்க முடியவில்லை. கண்டியில் இப்போது என்னைப் பற்றி இரண்டு பேச்சு உலவுகிறது. கோயிலில் என்னைக் கஞ்சம் என்கிறார்கள். எங்கள் சந்தில் என்னை வைன் போடத் தெரிந்தவள் என்கிறார்கள். இரண்டும் ஒரே மூன்று கிலோ திராட்சையிலிருந்து வந்தவை, இரண்டும் உண்மையில்லை. கம்பத்தில் இருக்கும் என் சொந்தபந்தங்களுக்கும், என்னைப் போலக் கழுத்தில் தாலியோடு கடல் தாண்டி வந்தவர்களுக்கும் மட்டுமாவது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கண்டியில் திராட்சை என்பது பழமில்லை, மருந்து. வந்த முதல் மாதமே இதைத் தெரிந்துகொண்டேன். குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொத்து வாங்கி, பையில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் மூன்று பேர் "யாருக்குச் சுகமில்லை?" என்று கேட்டுவிட்டார்கள். இங்கே பேராதனை ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போகிறவர்கள்தான் திராட்சை வாங்குவார்கள், அதுவும் கால் கிலோ. எனக்கே சாப்பிட வேண்டும் போலிருந்தது என்று சொன்னபோது, மூன்றாவதாகக் கேட்ட பெண் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து திராட்சையைப் பைக்குள் மறைத்துத்தான் கொண்டுவருகிறேன்.

கம்பத்தில் திராட்சை மருந்துமில்லை, பழமுமில்லை. அது வேலை. பந்தலுக்கடியில் முதுகை வளைத்து நின்று, கத்தரிக்கோலால் கொத்துகளுக்குள் சொத்தைப் பழத்தை மட்டும் நறுக்கி எடுக்கிற வேலை. இலைக்கு அடித்த மயில்துத்தம் மேலே சொட்டி, பாவாடையெல்லாம் நீலப் புள்ளியாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பெட்டி கட்டப் போனேன். காகிதத்தைப் பரப்பி, கொத்துகளைக் காம்பு மேலே தெரியாமல் அடுக்கி, லாரி வருவதற்குள் மூடி அறைய வேண்டும். உதிர்ந்ததையும் நசுங்கியதையும் கொட்டுவதற்குத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு குழி. எங்கள் வீடு அந்தக் குழிக்கு அடுத்தது. மூன்றாம் நாள் அந்தக் குழியிலிருந்து ஒரு வாடை கிளம்பும். புளிப்பும் இனிப்பும் சேர்ந்து, தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தடவை பக்கத்து வீட்டு ஆடு அதில் வாய் வைத்துவிட்டு வந்து, எங்கள் வாசலில் நாலு காலையும் நாலு பக்கம் பரப்பிக்கொண்டு நின்றது. இவ்வளவுதான் திராட்சையைப் பற்றி எனக்குத் தெரிந்தது. யாரும் அங்கே சாறு பிழிந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் கண்டியில் யாரும் இதை நம்பத் தயாராக இல்லை. கம்பம் என்றால் திராட்சை, ஆகவே எனக்குத் திராட்சை பற்றி எல்லாம் தெரியும். இதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் ஊருக்குப் போனால் அங்கே இதே கதை மறுபக்கமாக நடக்கிறது. அங்கே என் பெயர் சிலோன்காரி. தம்பி பெண்டாட்டி டீத்தூளைக் கையில் கொட்டி என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாத்துச் சொல்லுங்க மதினி, இது நல்ல எலையா?" என்று கேட்பாள். என் வீட்டுக்காரருக்கு இரும்புக் கடையில் கணக்குப்பிள்ளை வேலை. புசல்லாவைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான் எனக்குத் தேயிலைத் தோட்டம். இருந்தாலும் மோந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்று சொல்லி வைப்பேன். அவர்கள் மனசைக் கெடுப்பானேன்.

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன முருகன் கோயில் இருக்கிறது. ஆடிக் கார்த்திகைக்கு அங்கே பெரிய அபிஷேகம். பால், தயிர், தேன், இளநீர் என்று ஒவ்வொன்றையும் ஒரு குடும்பம் பொறுப்பெடுத்துக்கொள்ளும். திராட்சைச் சாறும் அதில் உண்டு. இத்தனை வருஷமும் யாரோ கடையில் பெட்டிச் சாறு வாங்கி, மூலையைக் கத்தரித்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் குருக்கள் ஐயா வேண்டாம் என்றுவிட்டார். அவர் யாழ்ப்பாணத்தவர், மெதுவாகத்தான் பேசுவார்.

"உந்தப் பெட்டிச் சாறு இனி வேண்டாம். போன முறை ஊத்திப்போட்டு, அடுத்த நாள் விடிய வந்து கதவைத் திறக்கிறன், முருகன்ர காலடியில எறும்புப் படை. சூரனோட சண்டை முடிஞ்சிது, இப்ப எறும்போட."

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து, "நம்ம வீட்டுல இருக்கிறவங்க திராட்சைத் தோட்டத்துலயே பொறந்தவங்க. அவங்க புழிஞ்சு குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டார். நான் பிறந்தது உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில். அதைச் சொல்ல எழுந்திருக்கலாம் என்று நினைப்பதற்குள், மாதர் கூட்டத்தை நடத்துகிற சரோஜா அக்கா தாளில் என் பெயரை எழுதிவிட்டார். 'திராட்சைச் சாறு, இரண்டு போத்தல்.'

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோயிலில் எனக்கு ஒரே ஒரு வேலைதான். உட்காருவது. பூக் கட்டப் போனால், "நீங்க உக்காருங்க" என்பார்கள். பிரசாதம் பொட்டலம் கட்டப் போனால், "ஐயோ, நீங்க எதுக்கு, போய் உக்காருங்க" என்பார்கள். ஒருவர்கூட மரியாதைக் குறைவாகச் சொன்னதில்லை. விருந்தாளியிடம் எப்படிச் சொல்வோமோ அப்படி. இருபத்திரண்டு வருஷம் விருந்தாளியாக இருப்பது எவ்வளவு களைப்பான காரியம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இதை ஒழுங்காகச் செய்துவிட்டால், அடுத்த வருஷம் என்னை யாரும் உட்காரச் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தேன்.

வெளியே வரும்போது சரோஜா அக்கா என்னைத் தூண் பக்கம் நிறுத்தினார்.

"உங்க வீட்டு பிளெண்டர்ல மாசி அரைச்சிருப்பீங்கதானே?"

மாசிக் கருவாடு இல்லாமல் இங்கே சம்பல் இல்லை. "அரைச்சிருக்கேன் அக்கா."

"அப்ப அது ஆகாது. கையாலதான் புழியணும். மீனு, கோழி வைக்கிற ஃபிரிட்ஜ்லயும் வைக்காதீங்க. அடுப்புல ஏத்தக் கூடாது, அபிஷேகத்துக்குப் பச்சையா இருக்கணும். அப்புறம், ருசி பாத்துராதீங்க. சாமிக்கு முந்தி நம்ம வாய் படக் கூடாது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆசாரம் எங்கள் ஊரிலும் இருக்கிறது, புதிதில்லை. ஆனால் மிக்ஸியும் இல்லாமல், அடுப்பும் இல்லாமல், ஃபிரிட்ஜும் இல்லாமல், நாக்கும் இல்லாமல் சாறு எடுப்பது எப்படி என்று யாரைக் கேட்பது? தம்பிக்குப் போன் போட்டேன். அவனுக்கு இன்னும் இரண்டு ஏக்கர் பந்தல் இருக்கிறது.

"ஏக்கா, வெளையாடுறியா? நம்மூர்ல எவன் புழிஞ்சு குடிச்சான்? லாரில ஏத்திவிடவே நேரமில்ல. கெடக்கட்டும், டீத்தூளு தீந்துபோச்சு, யாராச்சும் வந்தாக் குடுத்துவிடு."

சரி என்று நானே துணிந்தேன். திங்கட்கிழமை சந்தைக்குப் போனேன். கார்த்திகை வியாழக்கிழமை. புதன்கிழமை வாங்கினால் போதும், அது எனக்கே தெரியும். ஆனால் ஒட்டுத்தாள் ஒட்டிய வெளிநாட்டுப் பழம்தான் எங்கும் இருந்தது, தோல் கடக்கென்று கடிபடும், பிழிந்தால் தண்ணீர் வராது. ஒரே ஒரு கடையில்தான் யாழ்ப்பாணத்துக் கறுப்புத் திராட்சை, கொட்டை உள்ளது. அந்தக் கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) எனக்கு வழக்கமாகக் கால் கிலோ நிறுத்துத் தருகிறவர்.

"மூணு கிலோ வேணும் நானா. ஒரு கொத்து தனியா."

தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "மூணு கிலோவா? யா அல்லாஹ். முழு வார்ட்டுக்குமா அக்கா?"

"இல்ல நானா, கோயிலுக்கு."

"அப்ப நல்லது. இண்டைக்கே எடுங்க. பெரஹெரா நாள், யானை ஊர்வலத்துக்கு ரோட்டு மூடினா லொறி வராது, பொறகு என்னைக் கேக்க வேணாம்."

எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் பழம் கனிந்து தளர்ந்திருந்தது. வியாழன்வரை தாங்காது. பழம் அழுகுவதைவிடச் சாறு போத்தலில் இருப்பது பத்திரம் என்று தோன்றியது. அன்றே பிழிந்துவிட்டேன். தனியாக வாங்கிய, தளராத அந்தக் கொத்து அர்ச்சனைத் தட்டுக்கு. அதை மட்டும் கழுவாமல், நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டேன்.

பிழிந்த விதத்தையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். காம்பு ஒன்றுகூட இல்லாமல் பழத்தை உருவி, மூன்று தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தினேன். ஜன்னலைப் பூட்டிக்கொண்டுதான், இங்கே குரங்குகளுக்கும் பக்தி அதிகம். பிறகு அகலமான எவர்சில்வர் சட்டியில் போட்டுக் கையால் பிசைந்தேன். புட்டுக்கு மாவு விரவுகிற மாதிரி விரல் நுனியால்தான், உள்ளங்கையால் அழுத்தினால் கொட்டை நசுங்கிக் கசக்கும். பிசைந்ததை ஒரு மணி நேரம் மூடி வைத்தேன், தோலின் நிறம் இறங்குவதற்கு. அடுத்து வடிக்க வேண்டும். மேசைமேல் ஒரு கதிரையைக் கவிழ்த்து நிறுத்தி, மேலே நிற்கிற நாலு காலிலும் புது மல்துணியின் நாலு மூலையைக் கட்டினேன். நடுவில் தொட்டில் மாதிரி தொங்கும். அதற்கு நேர் கீழே, கவிழ்ந்த பலகைமேல் ஒரு சட்டி. கூழை அதில் ஊற்றிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கும். அதுவாகச் சொட்டும்.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கதிரை ஏன் காலைத் தூக்கிக்கிட்டு நிக்குது?"

"நீங்க கூட்டத்துல எழுந்து பேசினதுக்கு."

அவர் அதற்குப் பிறகு அடுப்படிப் பக்கம் வரவில்லை. இரவு ஒன்பது மணிக்குள் இரண்டு போத்தலுக்குச் சாறு சேர்ந்தது. போத்தலுக்கும் ஒரு கவலை. இந்த நாட்டில் போத்தல் என்று யாரிடம் கேட்டாலும் சாராயம் வந்த போத்தலைத்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். சாமி காரியத்துக்கு அது ஆகாது என்று, பழச்சாறு வந்த கண்ணாடிப் போத்தல் இரண்டைத் தேடிப் பிடித்து, வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்திருந்தேன். சாற்றை ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, சாமிப் படங்களுக்குக் கீழே வைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? வைக்கவில்லை. விரலில் ஒட்டியதைக்கூடத் தண்ணீரில்தான் கழுவினேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் குளித்துவிட்டு வந்து போத்தல்களைத் தூரத்தில் நின்று பார்த்துக் கும்பிட்டேன். புதன்கிழமை சாயங்காலம் மேலே மெல்லிய நுரை தெரிந்தது. நன்றாக விளைந்த பழம், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அபிஷேகம். ஆறு மணிக்குத் தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டி, போத்தல்களை எடுத்துக் கூடையில் வைத்தேன். ஒன்றின் மூடி மேலே உப்பியிருந்தது. லேசாகத் திருகினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், ஊதா நுரை என் கைமேல் வழிந்தது. அதோடு வந்தது அந்த வாடை. புளிப்பும் இனிப்பும். தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் கண்டியில் நிற்கிறேனா, பந்தலோரக் குழிக்குப் பக்கத்தில் நிற்கிறேனா என்று ஒரு கணம் தெரியவில்லை. இத்தனை வருஷமாக எல்லோரும் சொன்னது சரிதான், திராட்சை ஊர்க்காரிக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. நாலு காலையும் பரப்பிக்கொண்டு நின்ற அந்த ஆடுகூடக் கண்முன் வந்தது.

மாசி வாடை படாமல், மீன் வாடை படாமல், நெருப்பும் நாக்கும் படாமல், சாராயப் போத்தலைக்கூடத் தொடாமல், நான் முருகனுக்குச் சுத்தமான கள் தயாரித்திருந்தேன்.

கொண்டுபோய்விடலாம் என்ற நினைப்பு வராமலில்லை. சாம்பிராணிப் புகையில் வாடை யாருக்குத் தெரியும்? நுரையை வழித்துவிட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தாளில் எழுதியபடி இரண்டு போத்தல். சரோஜா அக்கா சந்தோஷப்படுவார். கண்டியில் அந்த வாடையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், நானோ வாய் திறக்காதவள். இன்னொரு பக்கம், முருகன் என்ன கம்பத்தில் இல்லையா? அங்கேயும் அவர்தானே. அவருக்குத் தெரியாத வாடையா? பக்தியால் அந்த நினைப்பை விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பயத்தால்தான் விட்டேன்.

போத்தல்களைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய அந்த ஒரு கொத்தை இறக்கினேன். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கழுவி, உதிர்த்து, கையாலேயே நசுக்கி, மிச்சமிருந்த மல்துணியில் முறுக்கிப் பிழிந்தேன். கலங்கினால் கலங்கட்டும். ஒரு டம்ளர் வந்தது, அதுவும் விளிம்புவரை இல்லை.

கோயிலில் எல்லோருடைய பாத்திரங்களும் வரிசையாக இருந்தன. பால் ஒரு வாளி, தயிர் ஒரு சட்டி, இளநீர் குலையோடு. நான் டம்ளரைக் கடைசியில் வைத்தேன். சரோஜா அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது என்னங்க, தீர்த்தமா?"

"சாறு, அக்கா."

"ரெண்டு போத்தல்னுல்ல எழுதியிருந்தேன்?"

"இவ்வளவுதான் வந்துச்சு."

பின்னாலிருந்து யாரோ, "பரவாயில்ல விடுங்க, இந்தியாக்காரவுங்க அளந்துதான் ஊத்துவாங்க" என்றார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மேலே கோபுரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மற்றதைச் சொல்லியிருக்கலாம். முருகன் சந்நிதியில் நின்றுகொண்டு, என் வீட்டுச் சாமிப் படத்துக்குக் கீழே இரண்டு போத்தல் கள் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நகக்கண்ணெல்லாம் ஊதாவாக இருந்த கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். சரோஜா அக்கா டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, கோபமில்லாமல், மரியாதையாகவே சொன்னார்.

"சரி, நீங்க போய் உக்காருங்க."

உட்கார்ந்தேன். பாலும் தயிரும் தேனும் நெடுநேரம் வழிந்தன. என் முறை வந்தபோது ஐயா டம்ளரை எடுத்து, ஒரு தடவை உள்ளே பார்த்து, முருகன் தோளிலிருந்து ஊற்றினார். வேலின் ஓரமாக ஒரு ஊதாக் கோடு இறங்கியது. இடுப்புவரை வந்தது, பாதத்துக்கு வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது. அடுத்த குடம் தண்ணீரில் அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் போத்தல்களைப் பின்பக்கம் கொட்டப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் பண்டார மாத்தயா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிங்களவர், மாத்தயா என்றால் ஐயா. பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்து வீடு. நானும் அவரும் பேசிக்கொள்வது மழையைப் பற்றி மட்டும். போத்தலைக் காட்டி என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "நரக் வுணா" என்றேன், கெட்டுப்போச்சு. அவர் வேலிக்கு மேலே கை நீட்டிப் போத்தலை வாங்கி மோந்தார். முகம் மாறியது. ஒரு வாய் குடித்தார்.

"நரக் நே நோனா! ஹரி ஹொந்தய்!" கெடவில்லையாம், நல்லாயிருக்காம். நோனா என்றது என்னை, அம்மா என்கிற மாதிரி. பிறகு எனக்கு விளங்கட்டும் என்று தமிழுக்கு வந்தார். "இது இந்தியாவில படிச்சதா? நோனா இவ்வளவு நாள் சும்மா இருந்தது, சொல்ல இல்ல!"

இல்லை மாத்தயா, இது சாமிக்கு என்றேன். அவர் இன்னும் அதிக மரியாதையோடு தலையாட்டினார். எங்கள் சாமிக்கு இதைத்தான் ஊற்றுகிறோம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. திருத்த என் சிங்களம் போதவில்லை. இரண்டாவது போத்தலும் வேலியைத் தாண்டிப் போயிற்று. சாயங்காலத்துக்குள் சந்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, கேக்கோடு குடிக்க நாலு போத்தல் போட்டுத் தர முடியுமா என்று எதிர்வீட்டு அம்மா ஆள் அனுப்பிக் கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல், "நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

கம்பத்தில் டீ, கோயிலில் கஞ்சம், சந்தில் வைன். எங்கே போனாலும் எனக்கு ஒரு பெயர் காத்திருக்கிறது, எனக்குத் தெரிந்தது எதுவோ அதை மட்டும் யாரும் கேட்பதில்லை. மேசைமேல் இன்னும் கவிழ்ந்தே இருந்த கதிரையை அன்று சாயங்காலம் இறக்கினேன். துணி கட்டிய இடத்தில், நாலு காலிலும் பாதத்துக்குப் பக்கத்தில் ஊதா வளையம் விழுந்திருந்தது. சோப்பு, எலுமிச்சை, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நிமிர்த்தி வைத்தால் கறை தரையோடு போய்விடும், யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. ஊரில் இதை நாற்காலி என்போம். இங்கே கதிரை. நிமிர்த்தி வைத்து, அதில் உட்கார்ந்துகொண்டேன். யாரும் சொல்லாமலேயே.

மறுநாள் காலை சரோஜா அக்கா போன் செய்தார். சந்நிதியில் எறும்பு வரவில்லை என்று ஐயா சொன்னாராம். அடுத்த ஆடிக் கார்த்திகைக்கும் திராட்சைச் சாற்றுக்கு என் பெயரையே எழுதியிருக்கிறார்கள். ஒரு டம்ளர் போதுமாம்.